ஊர்ப் பெயருக்கு என்ன விலை?

இருபது வயதில் நான் செய்த முதல் முதலீடு ஓர் ஊர்ப் பெயர். எங்கள் தெலுக் இந்தானுக்கு 1982 வரை தெலுக் ஆன்சன் என்று பெயர். பாட்டி இன்னும் 'ஆன்சன்' என்றுதான் சொல்வார். அந்தப் பழைய பெயரை, நடுவில் ஒரு கோடு போட்டு, டாட் காம் முகவரியாகப் பதிவு செய்தேன். இலவசமாக விலை மதிப்பிடும் ஓர் இணையத்தளம் 1,200 டாலர் என்று ஆசை காட்டியது. விற்றால் விடுதிக் கட்டணத்துக்கு ஆகும் என்பது என் கணக்கு.

ஓராண்டு கழித்துப் புதுப்பிப்புக் கட்டணமும் கட்டினேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

"ஊர்ப் பெயர் நிலம் மாதிரி, விலை இறங்காது" என்று சீனியர் ஒருவர் சொல்வார். நிலத்தில் வாழையாவது வைக்கலாம். இது சும்மா கிடந்து ஆண்டுதோறும் பணம் கேட்கிறது.

அந்த மதிப்பீடுகள் எழுத்துகளை எண்ணும். முன்பு விற்ற பெயர்களோடு ஒப்பிடும். வாங்க ஆள் உண்டா என்று அவற்றுக்குத் தெரியாது. என்னைக் கேட்டால், ஊரின் புகழைவிட, அந்தப் பெயரால் வாடிக்கையாளரைப் பிடிக்கக் காசு செலவழிக்கும் தொழில்கள் அங்கே எத்தனை என்றுதான் பார்க்க வேண்டும். லங்காவியில் ஹோட்டல், படகு, வாடகைக் கார் என எல்லாரும் வெளியூர்க்காரரைத் தேடுகிறார்கள். எங்கள் ஊர்ச் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க வருபவர்களில் பலர் மாலையே கிளம்பிவிடுவார்கள். அங்குள்ள தங்கும் விடுதிக்காரர் ஒருவரிடம் பேசிப் பார்த்தேன். "எங்ககிட்ட பேஸ்புக் இருக்கு, தங்கச்சி" என்றார்.

எழுத்துக்கூட்டலும் விலையைக் குறைக்கும். மலாக்காவை ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் மலாயில் வேறு விதமாகவும் எழுதுகிறோம். ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் மற்றதைத் தட்டுபவர்களை இழக்கிறார். நான் போட்ட கோடு அதைவிட மோசம். வாயால் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது.

பெரிய ஊர் என்றால் வழக்கும் வரும். பார்சலோனா டாட் காம் பெயரை நகராட்சியிடம் ஒப்படைக்குமாறு 2000-இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின்கீழ் தீர்ப்பானது. 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை வைத்திருந்த நிறுவனத்தின் பக்கம் நின்றது. 1994 முதல் தனியார் ஒருவரிடம் இருந்த பிரான்ஸ் டாட் காம் 2018-இல் பிரெஞ்சு அரசின் கைக்குப் போனது. விலைபோகும் பெயரைக் காக்க வழக்கறிஞருக்கும் பணம் வேண்டும். இதையும் எந்த மதிப்பீட்டுத் தளமும் கழித்துக் காட்டுவதில்லை.

சென்ற மாதம் மறுபடியும் புதுப்பிக்கும் நாள் வந்தது. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பாட்டியின் பெட்டியில் பழைய ஆற்றங்கரைப் படங்கள் சில இருக்கின்றன. அவற்றை ஏற்றலாம் என்று கட்டிவிட்டேன்.