கூண்டில் நிற்க வேண்டியவர் யார்?

வைத்தியத் தவறினால் ஓர் உயிர் பிரியும்போது, தவறிழைத்தவரைச் சிறையில் அடைக்க வேண்டும் என்ற குரல் எழுவது இயல்பே. அக்குரலை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. சுகப்படுத்தித் தருவார்கள் என நம்பி ஒப்படைத்த தாயைச் சடலமாகப் பெற்றுக்கொள்ளும் பிள்ளையின் கோபம் நியாயமானது. ஆனால் அக்கோபம் யார்மீது திருப்பப்படுகின்றது, அதன் மறைவில் யார் தப்பிச் செல்கின்றனர் என்ற வினாவை எழுப்பாது விடுவது சமுதாய உணர்வுடையோருக்குத் தகாது.

ஐக்கிய அமெரிக்காவின் ரெனசி மாநிலத்தில் நடந்த வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். 2017 டிசம்பர் மாத இறுதியில், நாஷ்வில் நகரத்து வண்டர்பில்ட் பல்கலைக்கழக வைத்தியசாலையில், 75 வயது மூதாட்டி ஒருவர் ஸ்கான் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருடைய பதற்றத்தைத் தணிக்க ‘வெர்செட்’ என்னும் மருந்து கொடுக்கும்படி பணிக்கப்பட்டது. மருந்து வழங்கும் இயந்திரத்தில் தாதி அப்பெயரின் முதலிரு எழுத்துக்களைத் தட்டித் தேடினார். இயந்திரமோ அம்மருந்தை ‘மிடசோலாம்’ என்ற பொதுப்பெயரால் அறிந்திருந்தது. கட்டுப்பாட்டை விலக்கி மீண்டும் தேடியபோது அவர் கைக்கு வந்தது ‘வெக்குரோனியம்’. அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. அதுவே ஏற்றப்பட்டது. மூதாட்டி மறுநாள் இறந்தார்.

தாதிமீது தவறே இல்லை என நாம் வாதாடவில்லை. குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருந்தது. திரவமாக இருக்க வேண்டிய மருந்து தூளாக இருந்தும் அவர் ஐயுறவில்லை. ஆனால் தவறு தெரிந்ததும் அவர் அதனை மறைக்கவில்லை, தாமே ஒப்புக்கொண்டார்.

வைத்தியசாலை செய்தது என்ன? மருந்து மாறிய செய்தி மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்லப்படவில்லை. மரணம் இயற்கையானதெனப் பதிவாயிற்று. சட்டப்படி மாநில அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையும் அனுப்பப்படவில்லை. தாதி வேலைநீக்கம் செய்யப்பட்டார். குடும்பத்தினருடன் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் காணப்பட்டது. 2018 ஒக்டோபரில் பெயர் குறிப்பிடாத ஒருவர் அதிகாரிகளுக்கு அறிவித்திராவிடின் இவ்வுண்மை மூதாட்டியுடனேயே புதைந்திருக்கும். 2019இல் தாதி கைது செய்யப்பட்டார். 2022 மார்ச்சில், கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றவாளியென ஜூரிமார் தீர்ப்பளித்தனர். மே மாதம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. வைத்தியசாலைக்கும் பாரிய பொறுப்புண்டென அரச விசாரணையாளரே சாட்சியம் அளித்தார். எனினும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவர் ஒருவரே.

ஒப்புக்கொண்டவர் கூண்டுக்குள், மறைத்தவர் வெளியே. இதிலிருந்து ஏனைய தாதிமார் கற்கும் பாடம் யாது? கவனமாயிரு என்பதா, வாய் திறவாதே என்பதா?

தண்டித்தால் மற்றோர் அஞ்சித் திருந்துவர் என்பார் உளர். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ‘வின்கிறிஸ்டீன்’ நாளத்தில் ஏற்ற வேண்டிய மருந்து. முள்ளந்தண்டில் ஏற்றினால் பெரும்பாலும் மரணமே முடிவு. 1990இல் இங்கிலாந்தின் பீற்றர்பறோவில் இத்தவறால் ஓர் இளைஞன் இறந்தான். 1991இல் இளம் டாக்டர்கள் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1993இல் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். 2001இல் நொட்டிங்ஹாமில் 18 வயது இளைஞன் ஒருவன் அதே மருந்தால், அதே தவறால் மடிந்தான். 2003இல் ஒரு டாக்டருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முதலாவது வழக்கு இரண்டாவது ஊசியைத் தடுக்கவில்லை என்பது வெளிப்படை. தடுக்கும் வழி வேறு: அம்மருந்தை ஊசிக்குழலில் நிரப்பாது, துளிதுளியாக இறங்கும் சிறு பையில் கரைத்து வைப்பது. அதனை முள்ளந்தண்டில் ஏற்ற எவரும் முனையார். உலக சுகாதார நிறுவனம் 2007இல் இதனையே வற்புறுத்தியது. எத்தனை எளிய மாற்றம்! அதனைச் செய்யும் அதிகாரம் ஊசியேற்றும் இளம் டாக்டரிடம் இல்லை, நிர்வாகத்திடமே உண்டு.

இங்கே நண்பர் ஒருவர் இடைமறிக்கலாம்: “இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவிப்போரை ஐந்தாண்டுவரை சிறையிட இடமளிக்கின்றது. லொறிச் சாரதிக்கு அச்சட்டம். படித்த டாக்டருக்கு மட்டும் விலக்கா?” கூர்மையான கேள்வி. விலக்கு எதனையும் நாம் கோரவில்லை. போதையில் கத்தியை எடுப்பவர், அழைத்தும் வர மறுப்பவர், பணத்துக்காக வேண்டாத சத்திரசிகிச்சை செய்பவர், பதிவேட்டைத் திருத்துபவர் ஆகியோர் ஆபத்தை அறிந்தே தெரிந்தெடுத்தவர்கள். அவர்கள் எத்தனை பட்டம் பெற்றிருப்பினும் தண்டிக்கப்பட வேண்டும். நேர்மையாக உழைக்கும்போது இடறிய கை வேறு. சாரதிக்கும் இதே அளவுகோலே பொருந்தும். உறக்கமின்றி இரவும் பகலும் ஓட்டும்படி அவனை வற்புறுத்திய முதலாளி கூண்டில் அவனுக்கு அருகே நிற்கட்டும்.

2024இல் கென்ரக்கி மாநிலம், நேர்மையான தவறுக்காக வைத்திய ஊழியர்மீது குற்றவழக்குத் தொடுப்பதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. மிகக் கடுமையான கவனயீனத்துக்கும் வேண்டுமென்றே செய்த தீங்கிற்கும் அதில் பாதுகாப்பில்லை. இது நல்ல தொடக்கமே. எனினும் பாதி வேலைதான். ஊழியரைப் பாதுகாப்பதோடு நின்றுவிட்டால் இறந்தவரின் குடும்பம் வெறுங்கையுடன் வீடு திரும்பும்.

நடந்தது முழுவதையும் குடும்பத்துக்குச் சொல்வது சட்டக் கடமையாக வேண்டும். நட்டஈடு வாயை மூடும் விலையாக அன்றி உரிமையாகக் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு மரணமும் நிர்வாகத்தைச் சாராத குழுவால் விசாரிக்கப்பட்டு, அதன் முடிவு மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். மறைப்பதே குற்றம் எனச் சட்டம் சொல்லட்டும். மறைத்தவர் எத்தனை உயர்ந்த நாற்காலியில் இருப்பினும் கூண்டில் ஏறட்டும். அதுவரை, ஒரு தாதியைத் தண்டித்து நீதி வழங்கிவிட்டோம் என்பது, அடுத்த நோயாளியையும் அதே இயந்திரத்தின்முன் கிடத்திவிட்டுக் கைகழுவுவதேயாகும்.