கழிவுநீரின் அளவும் கணக்கில் வரவேண்டும்
இங்கிலாந்தின் ஆறுகளிலும் கடலிலும் 2024ஆம் ஆண்டில் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர், எல்லா இடங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 36 லட்சம் மணி நேரம் திறந்துவிடப்பட்டது என்னும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு, 1990இல் கார்ன்வால் கடற்கரையில் அலைச்சறுக்கு வீரர்கள் தொடங்கிய கழிவுநீர் எதிர்ப்பு இயக்கத்தின் குறை இன்னும் தீரவில்லை என்பதை உறுதிசெய்கிறது. மழைநீரும் வீட்டுக் கழிவும் ஒரே குழாயில் செல்லும் பழைய அமைப்பில், பெருமழையின்போது கழிவுநீர் வீடுகளுக்குள் எதிர்த்து ஏறாதிருக்க அமைக்கப்பட்ட அவசரத் திறப்பே மழைவழிந்தோடி எனப்படுகிறது. அது அறவே தேவையற்றது என்று எவரும் வாதிடவில்லை, ஆனால் விதிவிலக்காக அனுமதிக்கப்பட்டது அன்றாட வழக்கமாகிவிட்டதற்கு மழையை மட்டும் காரணம் காட்டுவது, 1989இல் தனியார்மயமாக்கப்பட்ட நீர் நிறுவனங்கள் பங்குதாரர்களுக்கு ஆதாயம் பகிர்ந்தளித்த வேகத்தில் குழாய்களைப் புதுப்பிக்கவில்லை என்பதை மறைப்பதாகும். இத்திறப்புகள் அனைத்திலும் 2023இன் இறுதிக்குள் பொருத்தி முடிக்கப்பட்ட கருவிகள்கூடக் கழிவுநீர் வழிந்த நேரத்தைப் பதிவுசெய்கின்றனவே அன்றி, வழிந்த அளவை அல்ல. குளிக்கும் நீர்நிலைகளின் தரப் பரிசோதனையோ, அலைச்சறுக்குக்கு உகந்த குளிர்கால அலைகளை விட்டுவிட்டு, மே முதல் செப்டம்பர் வரையிலேயே நடைபெறுகிறது (கிருமிகளுக்குப் பருவ விடுமுறை உண்டுபோலும்). ஆகவே, வெளியேறும் கழிவின் கன அளவைப் பதிவுசெய்வதையும் ஆண்டு முழுவதும் பரிசோதிப்பதையும் அந்நாட்டு அரசு சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். பழுதுபார்க்கும் செலவை நுகர்வோரின் கட்டணத்தில் ஏற்றிய பின்னரும் ஆதாயம் பிரிக்க எந்த நிறுவனத்தையும் அனுமதித்தலாகாது.