லயத்து வீடும் பாரம்பரியச் சொத்துதான்

கேமரன் மலையில் காப்பாற்ற வேண்டிய பழைய கட்டடங்கள் எவை என்று கேட்டால், 1937இல் எழுந்த ஸ்மோக்ஹவுஸ் விடுதியைச் சொல்வார்கள். மூன்லைட் பங்களாவைச் சொல்வார்கள். திரிங்காப்பைத் தாண்டிக் கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில், கோலா தெர்லாப் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த பழைய வீடுகளை யாரும் சொல்வதில்லை. நாம் சொன்னால், "அது வெறும் லயம். பலகையும் தகரமும். அதில் என்ன பாரம்பரியம்?" என்று கேட்கிறார்கள். இதை நம்மவர்களே அதிகமாகக் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. ஆகவே அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

"நூறு வருஷம்கூட ஆகவில்லையே" என்பது முதல் காரணம். நூறு ஆண்டுக் கணக்கு 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2005இல் தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்துவிட்டது. ஓர் இடத்தின் வரலாற்று முக்கியத்துவம், சமூகத் தொடர்பு, அரிய தன்மை, ஒரு வகைக் கட்டடத்துக்கு அது மாதிரியாக நிற்கும் தகுதி ஆகியவற்றையெல்லாம் இந்தச் சட்டம் பார்க்கச் சொல்கிறது. தொழிலாளர் வீட்டுக்கு இவற்றில் எது பொருந்தாது? தவிர, இந்த மலையில் தேயிலைக்கே வயது அவ்வளவுதான். ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல், பாரத் தோட்டம் வந்தது 1933இல். காட்டை வெட்டிக் கன்று வைக்க ஆள் வந்த அன்றே அவர்கள் படுக்க ஒரு கூரை வேண்டியிருந்தது. ஆக, ஸ்மோக்ஹவுஸுக்கு முன்பே இந்த மலையில் தொழிலாளி குடியிருந்திருக்கிறான்.

இரண்டாவது, "பெரிய மனிதர் யாரும் அங்கே வாழவில்லை, கட்டடத்தில் அழகும் இல்லை" என்பது. மூன்லைட் பங்களாவுக்குப் பெயர் வந்தது எப்படி? தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் அங்கே விருந்தாளியாகத் தங்கியிருந்தார். 1967 மார்ச் 26 அன்று நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. சில நாள் தங்கிய ஒருவர் காணாமல் போனதற்காக ஒரு வீடு வரலாற்றில் இடம் பிடிக்கிறது. பத்து காஜாவில் உள்ள கெல்லி கோட்டை இன்னும் ஒரு படி மேல். கெல்லி ஸ்மித் 1926இல் இறந்ததும் வேலை நின்றுபோன, கட்டி முடிக்காத மாளிகை அது. அதற்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். மூன்று தலைமுறை பிறந்து, சமைத்து, நோயில் கிடந்து, கல்யாணம் செய்து, செத்தும் போன அறைக்கு மட்டும் கதை இல்லையா?

கதை இருக்கிறது. அது எழுதப்படாததால்தான் வீடு முக்கியமாகிறது. தோட்டத்துப் பேரேட்டில் தொழிலாளியின் பெயரும் வேலை செய்த நாளும் கூலியும் இருக்கும். அவன் எப்படி வாழ்ந்தான் என்பது இருக்காது. அதை வீடுதான் சொல்லும். பல லயங்களில் அறைக்கு அறை நிற்கும் பலகைத் தடுப்பு கூரை வரை எட்டாது. ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இரவில் 15 பாகைக்கு இறங்கும் குளிரில் விறகடுப்பே கணப்பு. அந்தப் புகை படிந்த சுவர், பிள்ளைகள் பெருகியதும் பின்னால் இழுத்துக் கட்டிய சமையற்கட்டு, சாமிப் படத்துக்கு அடித்த பலகை, வாசலோரக் கீரைப் பாத்தி எல்லாம் அவர்கள் தாமே எழுதி வைத்த குறிப்புகள். வீட்டை விட்டு வெளியே வந்து நின்று பாருங்கள். மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கணக்கெழுதும் கிராணியின் வீடு, பிறகு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கோயில், வரிசையாக லயம். யார் யாரை எங்கிருந்து பார்த்தார்கள் என்பது அந்தச் சரிவிலேயே தெரியும். பங்களாவை மட்டும் வைத்துக்கொண்டு லயத்தை இடித்தால், தேயிலை தானாக முளைத்தது போலத்தான் நாளைக்குச் சொல்வார்கள்.

பலகை நிற்காது என்பவர்களுக்கு ஒரே பதில். கெடாவில் இருந்த பெங்குலு அபு செமானின் மரவீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து கோலாலம்பூரில் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். மனம் இருந்தால் மரம் நிற்கும்.

"அது அவமானச் சின்னம், மறப்பதே நல்லது" என்பதுதான் இவற்றில் கனமான வாதம். இதைச் சொல்பவர்களில் பலர் லயத்திலேயே பிறந்தவர்கள். அவர்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு குடும்பத்தை ஒற்றை அறையில் அடைத்தது அடைத்தவரின் அவமானம். அந்த அறையில் பிள்ளையைப் படிக்க வைத்தவள் எதற்குத் தலைகுனிய வேண்டும்? ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய மொரீஷியஸின் ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இலங்கையில் கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். நம்மைப் போலவே ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே தங்கள் பாட்டியின் கொழுந்துக் கூடையைத் தேடி வர முடிகிறது.

கடைசியாக, "மக்களுக்கு வீடு இல்லை, நீ பழைய வீட்டைக் காப்பாற்றச் சொல்கிறாய்" என்கிறார்கள். இதில் எனக்கு மறுப்பே இல்லை. பாரம்பரியத்தின் பெயரால் ஒரு குடும்பத்தைக்கூட ஒழுகும் கூரைக்குக் கீழே வைக்கக் கூடாது. தொழிலாளர் குடியிருப்புக்கு 1990ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. அது முழுதாக நடக்கட்டும். வேலை முடிந்தால் வீடும் போய்விடும் என்ற நிலைதான் தோட்டத்து மக்களை வீடற்றவர்களாக ஆக்கியது. ஓய்வு பெற்றவர்களுக்குச் சொந்த வீடு வேண்டும் என்ற குரலோடு என் குரலும் சேரும். நான் கேட்பது ஆள் குடிபெயர்ந்து காலியாகும் வரிசைகளில் ஒன்றே ஒன்றை.

வேல்ஸில் மெர்தர் டிட்வில் ஊரின் இரும்புத் தொழிலாளர் வீடுகள் ஆறைப் பெயர்த்து, செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1805 முதல் 1985 வரை வீட்டுக்கு ஒரு காலம் என்று சாமான்களை அடுக்கியிருக்கிறார்கள். கோலா தெர்லாப் பக்கத்தில் ஒரு வரிசைக்கு இதைச் செய்யலாம். முதல் அறை 1930களுக்கு. அடுத்தது சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்த ஜப்பான்காரன் காலத்துக்கு. மூன்றாவது, லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்த மலாயா அவசரகாலத்துக்கு. கடைசி அறை இன்று கொழுந்து வெட்டும் வங்காளதேசிக்கும் நேபாளிக்கும். அவர்களை விட்டுவிட்டு இந்த வரலாற்றை முடிக்க முடியாது.

நிலம் தோட்டத்தினுடையது, நிர்வாகத்தோடு பேசாமல் எதுவும் நடக்காது. ஆனால் தேசியப் பாரம்பரியமாக ஓர் இடத்தை முன்மொழிய எவருக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் வழி விட்டிருக்கிறது. அதற்கு முன் வீட்டை அளந்து வரைபடம் போட வேண்டும், படம் எடுக்க வேண்டும், எந்த அறையில் யார் இருந்தார்கள் என்று முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். முதியவர்களிடம் கேட்கும் வேலைக்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் கையில் இருக்கும் கைப்பேசியே போதும்.