குன்றைக் கரைத்துத் தின்ற தீவு

"குந்தித் தின்றால் குன்றும் கரையும்" என்பது நம் பழமொழி.

சோம்பேறிப் பிள்ளைகளைத் திருத்தப் பெரியவர்கள் சொன்ன பேச்சு இது. ஆனால் ஒரு நாட்டிலே குன்று உண்மையாகவே கரைந்துபோய் விட்டது!

அந்த நாட்டின் பெயர் நவுரு.

பசிபிக் கடலில் உள்ள குட்டித் தீவு அது. பரப்பு 21 சதுர கிலோ மீட்டர்தான். காலையில் கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் நடந்தே தீவைச் சுற்றி வந்துவிடலாம். மக்கள் தொகை சுமார் 12 ஆயிரம்.

ஒரு காலத்தில் இது பெரும் பணக்கார நாடு. இன்றோ, தீவின் நடுப்பகுதியில் கீரைப் பாத்தி போடக்கூட மண் கிடையாது.

ஏன் இந்தக் கதி?

கதவுக்கு வைத்த கல்

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் ஒரு கம்பெனி ஆபீஸ். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை வைத்திருந்தார்கள். அது நவுருவிலிருந்து வந்த கல். "மரம் கல்லாகிப் போனது" என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியருக்குச் சந்தேகம் வந்தது. 1900-ம் ஆண்டு வாக்கில் அதைச் சோதித்துப் பார்த்தார். அது முதல்தரமான பாஸ்பேட் கல்!

'சூப்பர் பாஸ்பேட்' உரம் நம் உழவர்களுக்குத் தெரியும். அது பாஸ்பேட் கல்லில் இருந்துதான் தயாராகிறது.

அப்போது நவுரு ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. 1907-ல் கல் ஏற்றுமதி தொடங்கியது. முதல் உலகப் போரில் தீவு கை மாறியது. பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாட்டுச் சர்க்கார்களும் சேர்ந்து தோண்டின.

கல், மலிவு விலையில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனது. அங்கே பயிர் செழித்தது. ஆடு மாடு கொழுத்தது.

நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? ஆரம்ப காலத்தில், டன்னுக்கு அரை பென்னி!

வெறும் பாறை

நவுருவில் பாஸ்பேட், சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்கில் இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால், ஆள் உயரத்துக்கும் மேலே கூர்கூரான பாறைகள்தான் மிஞ்சும். அதில் விதைக்க முடியாது. வீடு கட்ட முடியாது. நடக்கவே முடியாது.

தீவில் ஐந்தில் நான்கு பங்கு இப்படி ஆகிவிட்டது. மக்கள் கடலோரத்தில் ஒண்டி வாழ்கிறார்கள்.

"இந்தத் தீவு இனி உதவாது. எங்கள் நாட்டுப் பக்கம் உள்ள கர்ட்டிஸ் தீவுக்கு வந்துவிடுங்கள்" என்று ஆஸ்திரேலியா கூப்பிட்டது. 1964-ல் நவுரு மக்கள் மறுத்துவிட்டார்கள். சொந்த மண்ணையும் சொந்த ஆட்சியையும் யார்தான் விடுவார்கள்?

பணம் வந்தது, போனது

1968 ஜனவரி 31-ல் நவுரு சுதந்திரம் பெற்றது. 1970-ல் சுரங்கமும் அவர்கள் கைக்கு வந்தது.

பணம் கொட்டியது. வரி இல்லை. வைத்தியம் இலவசம். படிப்பு இலவசம். மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டிடம். சொந்த விமானங்கள். 1993-ல் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குக் கூடப் பணம் போட்டார்கள். நாடகம் படுதோல்வி!

கல் தீர்ந்தது. சேமிப்பும் கரைந்தது. 2004-ல் கட்டிடம் விலைபோனது. 2005-ல் கடைசி விமானத்தையும் கடன்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

விளைச்சல் இல்லாததால், உணவு கப்பலில் வருகிறது. டப்பா உணவு தின்று, சர்க்கரை வியாதி வீட்டுக்கு வீடு புகுந்தது.

வருமானத்துக்கு வழி? 2001-ல், ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்த அகதிகளை அடைத்துவைக்க நவுரு இடம் கொடுத்தது. அங்கே அடைபட்டவர்களில் இலங்கைத் தமிழர்களும் உண்டு.

யார் குற்றம்?

"ஊதாரித்தனமாகச் செலவு செய்தார்கள், அழிந்தார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

மறு பாதி என்ன? சுதந்திரத்துக்கு முன்பே மூன்றில் ஒரு பங்கு நிலம் பாழாகிவிட்டது. அதைச் சீராக்குவது யார் பொறுப்பு என்று ஆராய, இலங்கைச் சட்ட நிபுணர் வீரமந்திரி தலைமையில் நவுரு ஒரு குழு அமைத்தது. 1989-ல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச கோர்ட்டில் வழக்குப் போட்டது. 1993-ல் சமரசம் ஏற்பட்டது. 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க அந்த நாடு சம்மதித்தது.

பணம் கிடைத்தது. மண் திரும்பி வந்ததா? இல்லை.

சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரம் இல்லாமல் விளைச்சல் பெருகாது. இரும்பு இல்லாமல் ஏர்க்கொழு இல்லை. ஆனால், குழியை மூடும் செலவும் கல்லின் விலையில் சேரவேண்டும். அந்தப் பணத்தைத் தோண்டுவதற்கு முன்பே கட்டவைக்க வேண்டும். தோண்டிய பிறகு கேட்டால், கோர்ட்டு வாசலில் காத்துக் கிடக்கவேண்டியதுதான்.

இன்னொன்று: சுரங்கப் பணம் அறுவடை நெல் அல்ல, விதை நெல். ஒரு முறைதான் வரும். அதன் கணக்கு, மந்திரி வீட்டுப் பெட்டிக்குள் இருக்கக்கூடாது. எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் பார்க்கும்படி, ஊர்ச் சாவடியில் ஒட்டப்படவேண்டும்.

அடுத்தது கடல்!

நிலம் தீர்ந்த நவுரு, இப்போது கடலைப் பார்க்கிறது. ஆழ்கடலின் தரையில் நிக்கல், கோபால்ட் அடங்கிய உருண்டைகள் கிடக்கின்றன. அவற்றை அள்ள விரும்பும் ஒரு கம்பெனிக்கு நவுரு துணை நிற்கிறது. "இரண்டு ஆண்டுக்குள் விதிகளை எழுதி முடியுங்கள்" என்று 2021-ல் சர்வதேசக் கடல்தரை ஆணையத்துக்குக் கெடுவும் வைத்தது. கெடு முடிந்தது, விதிகள் முடியவில்லை.

பசித்தவன் கையில் இருப்பதை விற்கத்தான் செய்வான். நவுருவை நான் பழிக்க மாட்டேன். ஆனால், அந்த உலோகங்கள் பாட்டரி வண்டிகளுக்கும் பயன்படுபவை. நாளை அவை நம் வீட்டு வாசலுக்கும் வரலாம்.

அப்போது வண்டியின் விலையை மட்டும் கேட்காதீர்கள். "தோண்டிய இடத்தில் என்ன மிஞ்சியது?" என்றும் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்டால்தான், தோண்டுகிறவர்கள் பதில் சொல்வார்கள்.