பெயின்ட்டைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

2024ஆம் ஆண்டில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். பழைய பஸ்ஸையோ லொறியையோ படுக்கை, சமையலறை, கழிவறை கொண்ட ‘மோட்டார் ஹோம்’ ஆக மாற்றி அவர்களுக்கு வாடகைக்கு விடலாமே என்ற யோசனை நம் வர்த்தகர்கள் சிலருக்கு உண்டு. யோசனை நல்லதுதான். ஆனால் கராஜுக்குப் போனால் நாம் பார்ப்பது என்ன? பளபளக்கும் அலுமாரியும் மெத்தையும். வாகனம் எத்தனை வருடம் உழைக்கும் என்பது இவை பொருத்தப்படுவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது.

லொறியின் செஸி குழியில் இறங்கும்போது சற்று முறுகும். முறுகத்தான் வேண்டும். அதன் மேல் வளையாத பெட்டியொன்றை நாலாபுறமும் இறுக்கிப் பூட்டினால் பெட்டியின் மூலைகள்தான் வெடிக்கும். ஜேர்மனியின் யுனிமொக் வாகனங்களில் இத்தகைய வீடு கட்டுவோர், இடையில் ஒரு துணைச் சட்டம் வைத்து மூன்று அல்லது நான்கு இடங்களில் மட்டும் அசையக்கூடியவாறு பொருத்துவது இதனால்தான். பஸ்ஸில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே புதிய ஜன்னலுக்காக எந்தத் தூணை வெட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரிய எதிரி மழைத் தண்ணீர். கூரையில் விசிறிக்கும் சோலார் தகட்டுக்கும் போடும் ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். பிளைவூட் சுவருக்குள் நீர் இறங்கினால், வெளியே கறை தெரிவதற்குள் உள்ளே உக்கிவிடும். அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தில் நேரடியாக அடித்தால், உப்புக் காற்றில் அலுமினியம் அரிபடும். இடையில் றபர் பட்டி வேண்டும். சில ரூபாய்ச் செலவுதான், ஆனால் தகட்டை மூடிய பின் அது இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

நிறையையும் மறக்க வேண்டாம். 200 லீற்றர் தாங்கி நிரம்பினால் 200 கிலோ. அதையும் பற்றரிகளையும் ஒரே பக்கத்தில் வைத்தால் வண்டி சாயும். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. எனவே சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடித்தட்டில் துவாரம் இருக்க வேண்டும்.

ஆகவே முற்பணத்தோடு மொத்தக் கணக்கையும் பேசி முடித்துவிடாதீர்கள். சட்டம் ஒட்டி முடிந்ததும் ஒரு பகுதி, தகடு மூடுமுன் நீங்கள் டோர்ச்சோடு போய்ப் பார்த்த பின் ஒரு பகுதி என்று எழுதிக்கொள்ளுங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபிக்கமாட்டார். கடைசிக் காசோலைக்கு முன்னர் கூரையில் அரை மணி நேரம் ஹோஸ் பிடித்து, அலுமாரிகளைத் திறந்து மூலைகளைக் கையால் தடவிப் பாருங்கள்.