புல்லில் ஓர் இடம்

விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் ஏறத்தாழ 15,000 பேர் உட்காரலாம். உட்கார ஆசைப்படுகிறவர்கள் அதைப் போலப் பல மடங்கு. இந்தக் கணக்குக்கு ஆல் இங்கிலாண்ட் கிளப் 1924-லேயே ஒரு விடை கண்டுபிடித்தது: குலுக்கல். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயர் விழுந்தாலும் எந்த நாள், எந்தக் கோர்ட் என்பது கிளப்பின் விருப்பம். கிடைத்த டிக்கெட்டை விற்க முடியாது, மைத்துனருக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. பெரும்பாலோருக்குப் பெயர் விழுவதே இல்லை. இந்த வாரப் பத்தி அவர்களைப் பற்றியது.

பெரிய விளையாட்டு விழாக்களில் டிக்கெட் இல்லாதவருக்குக் கிடைக்கும் மரியாதை நமக்குத் தெரியும். நம் ஊரில் அது லத்தியின் நுனியில் இருக்கும். உள்ளே பாதி இருக்கைகள் 'பாஸ்' வைத்திருப்பவர்களுக்காகக் காலியாகக் கிடக்க, வெளியே கூட்டம் கேட்டை உலுக்கிக்கொண்டிருக்கும். விம்பிள்டனில் டிக்கெட் இல்லாதவருக்கென்று ஒரு வழிகாட்டிப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். விஷயம்: வரிசையில் நிற்பது எப்படி.

சவுத்ஃபீல்ட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் கால் மணி நேரத்தில் விம்பிள்டன் பூங்கா வந்துவிடும். முந்தின நாளே அங்கே சிறு கூடாரங்கள் முளைத்திருக்கும். ஒரு கூடாரத்தில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. வந்தவுடன் தேதியும் எண்ணும் போட்ட அட்டை ஒன்று கையில் தருகிறார்கள். அந்த எண்தான் உங்கள் ஜாதகம். துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் கலை இங்கே செல்லாது. அடுத்தவருக்காக நிற்க முடியாது. வெளியே போனால் அரை மணிக்குள் திரும்ப வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. விடியற்காலையில் ஊழியர்கள் வந்து கூடாரத்தைத் தட்டி எழுப்புவார்கள். மூட்டை முடிச்சைக் காப்பறையில் போட்டுவிட்டு நெருங்கி நிற்க வேண்டியதுதான். சென்டர் கோர்ட், ஒன்றாம் கோர்ட், இரண்டாம் கோர்ட் ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலான நாட்களில் தலா ஐந்நூறு டிக்கெட் இந்த வரிசைக்காகவே ஒதுக்கப்படுகின்றன. அதற்குப் பின்னால் நிற்பவர்களுக்கு மைதான அனுமதி. 2024-ல் அதன் விலை தொடக்க நாட்களில் 30 பவுண்டு.

ஆங்கிலத்தில் இந்த வரிசையைப் பெரிய எழுத்துப் போட்டு எழுதுகிறார்கள், ஏதோ அரச பதவி போல. தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, அந்தப் பெருமிதத்தைக் கொண்டுவர வழியும் இல்லை. 'வரிசை' என்று எழுதினால் கல்யாண வீட்டுத் தட்டுகள் நினைவுக்கு வருகின்றன. 'க்யூ' என்றால் ரேஷன் கடை. மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது, பக்கத்தில் திருப்பதி தர்ம தரிசனத்தை நிறுத்திக் காட்டுவதுதான். காத்திருப்புக் கூடத்தில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்தவருக்கும் 300 ரூபாய்ச் சீட்டில் வந்தவருக்கும் சன்னிதியில் கிடைப்பது அதே சில நொடிகள்தான். விம்பிள்டன் பூங்காவிலோ முந்தின இரவே வந்து படுத்தவர் சென்டர் கோர்ட்டுக்குள் போகிறார். பொழுது விடிந்து குளித்துச் சாப்பிட்டு வந்தவர் வெளிக் கோர்ட்டுகளோடு திருப்திப்பட வேண்டும். காசோடு நேரத்தையும் விலையாகக் கேட்கும் இடம் இது.

வெளிக் கோர்ட்டுகளை இளக்காரமாக நினைக்க வேண்டாம். டென்னிஸ் வரலாற்றின் மிக நீண்ட ஆட்டம் சென்டர் கோர்ட்டில் நடக்கவில்லை. 2010 ஜூனில் பதினெட்டாம் கோர்ட்டில் அமெரிக்கரான ஜான் இஸ்னரும் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா மயூவும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். ஐந்தாவது செட் மட்டும் 70-68. ஸ்கோர் பலகை 47-47-க்கு மேல் எண்ணத் தெரியாமல் நின்றுவிட்டது. சில நூறு பேர் மட்டுமே உட்காரக்கூடிய கோர்ட் அது. மைதான அனுமதி வைத்திருந்த யாரும் எட்டிப் பார்த்திருக்கலாம். அன்றைக்கு சென்டர் கோர்ட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

உள்ளே போனவருக்கு இன்னொரு வாசலும் உண்டு. பெரிய கோர்ட்டுகளில் ஆட்டம் முடியுமுன் கிளம்புகிறவர்கள் தங்கள் இருக்கையைத் திருப்பிக் கொடுக்கலாம். அதைக் குறைந்த விலைக்கு மைதானத்தில் இருப்பவர்களுக்கே மறுபடி விற்று, வரும் பணத்தை தர்மத்துக்குக் கொடுக்கிறார்கள். 1954-லிருந்து நடக்கும் ஏற்பாடு இது. (நம் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வென்றதும் அதே வருடம்தான்.) அப்போது டிக்கெட்டைப் பெட்டியில் போட்டார்கள், இப்போது கைபேசியில் செய்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குக் கனவான்கள் ரயிலைப் பிடிக்க எழுந்தால், காலையிலிருந்து புல்லில் உட்கார்ந்திருந்தவர் அந்த நாற்காலிக்குப் போய்விடலாம்.

அந்தப் புல்மேடு தனிக் கதை. ஒன்றாம் கோர்ட்டின் வெளிச் சுவரில் பெரிய திரை. எதிரே சரிந்த மேட்டில் ஆயிரக்கணக்கானவர்கள். அதிகாரப்பூர்வமான பெயர் ஆராங்கி டெரஸ். நியூசிலாந்துக்காரர்களின் கிளப் ஒன்று அங்கே இருந்த காலத்து மாவோரிப் பெயர். ஜனங்கள் வைத்த பெயர் ஹென்மன் ஹில். டிம் ஹென்மன் நான்கு முறை அரையிறுதி வரை போய், ஒரு முறைகூட இறுதி ஆட்டத்துக்குள் நுழைய முடியாதவர். அரங்குக்குள் நுழைய முடியாதவர்கள் தங்கள் இடத்துக்கு அவர் பெயரை வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. பிறகு 2013-ல், 77 வருடக் காத்திருப்புக்குப் பின், ஆண்டி மர்ரி பட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் பெயரையும் சூட்டிப் பார்த்தார்கள், அவ்வளவாக ஒட்டவில்லை.

திரையில் பார்ப்பதற்கு லண்டன் வரை எதற்கு, வீட்டில் டி.வி. இல்லையா என்று கேட்கலாம். பந்து வீட்டு டி.வி.யில்தான் நன்றாகத் தெரியும், சந்தேகமில்லை. மேட்டில் கிடைப்பது வேறு: பக்கத்துப் போர்வைக்காரருடன் சண்டை, தூறல், கட்டுச்சோறு. (சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோகலாம். சினிமா தியேட்டரில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கும் நம்மவர்கள் கவனிக்க.) சொல்லப்போனால் நம்மில் மூத்த தலைமுறை பந்தைப் பார்க்காமலே விம்பிள்டனை அனுபவித்தது. 1960-லும் 1961-லும் ராமநாதன் கிருஷ்ணன் அரையிறுதிக்குப் போனபோது சென்னையில் தொலைக்காட்சியே கிடையாது. அது வந்தது 1975-ல். முதல் வருடம் நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த வருடம் ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த வருடம் பட்டம் வென்றவர்கள். இதையெல்லாம் செய்தித்தாளில் ஸ்கோரைப் படித்தே மனத்துக்குள் ஆட்டத்தை ஆடிப் பார்த்தார்கள்.

டிக்கெட் இல்லாதவர்கள் சென்டர் கோர்ட்டையே பிடித்துக்கொண்ட நாட்களும் உண்டு. 1991-ல் முதல் வாரம் மழையில் போனதால், அப்போது வழக்கமாக ஓய்வு நாளாக இருந்த நடு ஞாயிற்றுக்கிழமையிலும் ஆட வேண்டியதாயிற்று. முன்பதிவுக்கு நேரமில்லை, வந்தவருக்கெல்லாம் வாயிலில் விற்றார்கள். கால்பந்து மைதானம் போல ஆரவாரம், அலை அலையாக எழுந்து உட்கார்ந்த கூட்டம். 2001-ல் இறுதி ஆட்டமே மழையால் திங்கட்கிழமைக்குப் போனது. ஏறத்தாழ பத்தாயிரம் டிக்கெட் அன்று காலை விற்பனைக்கு வந்தன. உலக வரிசையில் 125-வது இடத்தில் இருந்த, ஏற்கெனவே மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றிருந்த கோரான் இவானிசெவிச், பாட்ரிக் ராஃப்டரை ஐந்தாவது செட்டில் 9-7 என்று வென்றார். குரோஷியர்களும் ஆஸ்திரேலியர்களும் போட்ட கூச்சலில் அரங்கின் வழக்கமான அடக்கம் காணாமல் போனது. வழக்கமான டிக்கெட்காரர்கள் நிரம்பியிருந்தால் அந்த ஆட்டம் அப்படி இருந்திருக்காது என்பது என் கட்சி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1920-லிருந்து கிளப் 'டிபெஞ்சர்' என்ற பத்திரங்களை விற்று நிலம் வாங்கவும் கட்டடம் கட்டவும் பணம் திரட்டுகிறது. 2026 முதல் 2030 வரை, நாள்தோறும் சென்டர் கோர்ட்டில் ஓர் இருக்கை தரும் பத்திரத்தின் விலை 1,16,000 பவுண்டு. நம் கணக்கில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அப்படி 2,520 இருக்கைகள். இவர்கள் மட்டும் தங்கள் டிக்கெட்டை வெளியில் விற்கலாம், தடை இல்லை. வரிசைக்காரர்களுக்கு 500, பத்திரக்காரர்களுக்கு 2,520. கூரை போட்டது யார் பணம் என்று கிளப் கேட்டால் பதில் சொல்வது கடினம்தான்.

வாயிலுக்கு வெளியே இன்னொரு வகை டிக்கெட் இல்லாதவர்களும் இருக்கிறார்கள்: அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள். பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் 8,000 பேர் அமரும் அரங்கம் உட்பட 39 புதிய கோர்ட்டுகள் அமைக்கக் கிளப் திட்டமிட்டு, 2024 செப்டம்பரில் லண்டன் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் கேப்பபிலிட்டி பிரவுன் வடிவமைத்த பூந்தோட்ட நிலம் அது, 1993-ல் வாங்கியபோதே நிபந்தனைகள் இருந்தன என்று எதிர்ப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இப்போது ரோஹாம்ப்டனில் நடக்கும் தகுதிச் சுற்றை இங்கே கொண்டுவருவோம், ஏரியைச் சுற்றி நடைபாதையும் பொதுப் பூங்காவும் தருவோம் என்கிறது கிளப். தகுதிச் சுற்று வந்தால் கூடுதலாக ஒரு வாரம் டென்னிஸ், மலிவாகப் பார்க்கலாம். ஆனால் மரத்தடியில் நாயுடன் நடப்பவருக்கு டென்னிஸ் எதற்கு? இரண்டு கட்சியிலும் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு. புதிய அரங்கம் எழும்போது நான் பார்க்கப்போவது ஓர் எண்ணைத்தான்: பூங்காவில் அட்டையுடன் காத்திருப்பவர்களுக்கான அந்த ஐந்நூறு கூடுகிறதா, குறைகிறதா என்பதை.