ஊர் சுத்தத்தான் போனான்... அதுக்கென்ன இப்போ?

ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ ஒரு பையன் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டால், அன்றைக்கே ஊரில் பாதிப் பேர் ஆடிட்டர் ஆகிவிடுகிறார்கள். இதற்கு சி.ஏ. எல்லாம் முடிக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் ஏதோ ஒரு பாலத்துக்கு முன்னால் நின்று போட்டோ போடுவான். திங்கட்கிழமை காலையில் ஜவகர் மைதானம் பக்கத்து டீக்கடையில் தீர்ப்பு வந்துவிடும். "அப்பன் வீட்டை அடகு வெச்சு அனுப்பியிருக்கான். இது என்னடான்னா அங்க போயி ஊர் சுத்திக்கிட்டு அலையுது."

இதே அண்ணாச்சி, அந்தப் பையன் ஆறு மாதம் போட்டோவே போடாமல் இருந்தால் என்ன சொல்வார் தெரியுமா? "லண்டன் போயிருக்கான்னு பேரு. ஒரு இடத்தையும் பாக்கல போல. என்னத்துக்குப் போனானோ!" ஆக, சுத்தினாலும் குத்தம், சுத்தாவிட்டாலும் குத்தம்.

விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளை லீவு நாளில் வெளியே போவது ஊதாரித்தனம் இல்லை. அவன் செலவுக் கணக்கிலேயே ரொம்பச் சின்ன வரி அது. ஊர் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதால், பெரிய வரிகளை யாரும் பார்ப்பதே இல்லை. நஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். பிரிட்டனுக்கு ஒரு வருஷ எம்.எஸ்.சி. படிக்கப் போன ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். லண்டனுக்கு வெளியே படிக்கிற மாணவனுக்கு மாதச் செலவுக்கு 1,136 பவுண்டு வேண்டும் என்று 2025 ஜனவரியில் அந்த நாட்டு அரசாங்கமே விசா விதியில் எழுதி வைத்தது. (அதே வருஷம் நவம்பரில் அதையும் கூட்டிவிட்டார்கள்.) 12 மாதத்துக்கு 13,632 பவுண்டு. பீஸ் பல இடங்களில் 15,000 பவுண்டைத் தாண்டுகிறது. குறைத்து 15,000 என்றே போடுங்கள். மொத்தம் 28,632 பவுண்டு. பவுண்டை வெறும் 100 ரூபாய் என்று வைத்தாலே 28 லட்சத்துக்கு மேல் வந்துவிட்டது. நிஜத்தில் பவுண்டு அதைவிட அதிகம்.

இப்போது அவன் ஊர் சுத்துகிற செலவு. மாதம் 4 ஞாயிறு, ஒவ்வொரு ஞாயிறும் பஸ், காபி, சாண்ட்விச் எல்லாம் சேர்த்து 15 பவுண்டு என்று தாராளமாகவே போடுவோம். வருஷத்துக்கு 720 பவுண்டு. மொத்தச் செலவில் நூற்றுக்கு இரண்டரை! மீதி தொண்ணூற்று ஏழரையைப் பற்றி டீக்கடையில் ஒரு வார்த்தை பேச்சு வராது. இரண்டரைக்குத்தான் அத்தனை பஞ்சாயத்தும். ஆடிட்டிங்கில் மெட்டீரியாலிட்டி என்று ஒரு பாடம் உண்டு. பெரிய தொகையை முதலில் பார், குண்டூசி வாங்கிய பில்லைத் தேடிக்கொண்டு உட்காராதே என்பதுதான் சாராம்சம். ஊர் ஆடிட்டர்கள் இந்தப் பாடத்தில் அரியர் வைத்திருக்கிறார்கள் :-)

அந்தத் தொண்ணூற்று ஏழரையில் என்னதான் ஒளிந்திருக்கிறது? "பார்ட் டைம் வேலை பார்த்தே எல்லாத்தையும் சமாளிச்சிடலாம் சார்" என்கிற வாக்குறுதி ஒளிந்திருக்கிறது. கல்விக் கண்காட்சி என்று ஹோட்டல் ஹாலில் ஸ்டால் போடுகிறவர்கள் பலரும் சொல்கிற வசனம் இது. பிரிட்டனில் டிகிரி படிக்கிற வெளிநாட்டு மாணவன், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. 21 வயது ஆனவர்களுக்கு 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. 20 மணி நேரத்துக்கு 244.20. ஒரு வாரம்கூட லீவு போடாமல், ஜுரம் வராமல், பரீட்சைக்குக்கூட ஒதுங்காமல் 52 வாரமும் உழைத்தால் 12,698 பவுண்டு.

சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே 13,632 வேண்டும் என்று 2025 ஜனவரியில் அரசாங்கம் சொன்னது. சோற்றுக்கே 934 பவுண்டு துண்டு விழுகிறது. இதில் பீஸ் எங்கிருந்து கட்டுவது? லோன் எங்கிருந்து அடைப்பது? கல்விக் கடனில் படிக்கிற காலத்திலேயே வட்டி ஓட ஆரம்பித்துவிடும் என்பது வேறு கதை. 20 மணி நேரத்தைத் தாண்டி ரகசியமாக வேலை பார்த்தால் விசாவே போய்விடலாம். கனடாவும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அங்கே மாணவன் கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகை ரொம்ப காலமாக 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் ஒரேயடியாக 20,635 டாலர் ஆக்கினார்கள். பழைய கணக்கை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் கதி என்ன என்று எந்த டீக்கடையிலும் விவாதம் நடக்கவில்லை.

சரி, செலவு சின்னதாகவே இருக்கட்டும், ஆனால் அது அவசியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு வெளிநாடு போன இரண்டு பழைய மாணவர்களைப் பார்ப்போம். இரண்டு பேரையும் எல்லோருக்கும் தெரியும்.

முதல் ஆள், 1888 செப்டம்பரில் 18 வயதில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறி லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர். அவர் கிளம்பும்போதே சாதிப் பெரியவர்கள் கூட்டம் போட்டு அவரைத் தள்ளி வைத்தார்கள். உதவி செய்பவர்களுக்கும் வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கும் 1 ரூபாய் 4 அணா அபராதம் என்று அறிவித்தார்கள். அந்தக் காலத்து டீக்கடைத் தீர்ப்பு! போன இடத்தில் அவர் சும்மா இருந்தாரா? பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டுக்கு கோட் சூட் தைத்தார். 3 பவுண்டு கட்டி டான்ஸ் கிளாஸ் போனார். வயலினுக்கு இன்னொரு 3 பவுண்டு. பாரிஸ் கண்காட்சிக்குப் போய் ஈபிள் டவர் மேலே ஏறினார். அங்கே 7 ஷில்லிங் கொடுத்துச் சாப்பிட்டார். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே அந்தக் காசைத் தூக்கி எறிந்ததாக அவரே பின்னால் எழுதினார். அன்றைக்கு ஸ்டேட்டஸ் இல்லை. இருந்திருந்தால் போட்டோ போட்டிருப்பாரோ என்னவோ.

அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. ராஜபாளையத்தில் பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து, காந்தி கலை மன்றம் என்று பெயர் வைத்தாரே... அதே காந்திதான்.

காந்தி எப்படித் தேறினார்? யாரோ திட்டி இல்லை. பஸ் காசு, தபால் தலை வரைக்கும் எழுதி, ஒவ்வொரு நாளும் தூங்கப் போகுமுன் கணக்கு முடித்தார். சின்ன ரூமுக்கு மாறினார். பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தார். நாளைக்கு எட்டு, பத்து மைல். சைவ ஹோட்டல் தேடி நடந்தவர், சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்து நண்பர்களைப் பிடித்தார். இங்கிலாந்தில் இருந்த காலம் முழுக்க கிட்டத்தட்ட நோயே இல்லாமல் இருந்ததற்கு அந்த நடைதான் காரணம் என்று எழுதியிருக்கிறார்.

இரண்டாவது ஆள் நம்ம தமிழ்நாட்டுக்காரர், ஸ்ரீனிவாச ராமானுஜன். 1914 மார்ச் 17ஆம் தேதி மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறினார். மெட்ராஸ் யுனிவர்சிட்டி வருஷத்துக்கு 250 பவுண்டு ஸ்காலர்ஷிப் கொடுத்தது. அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டில் படிக்கிற பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்பது அன்றைக்கே இருந்த கதைதான். கேம்பிரிட்ஜில் சைவச் சாப்பாட்டுக்காகத் தன் ரூமிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. காய்கறி, சாமான் எல்லாம் தட்டுப்பாடு. கூட இருந்தவர்களும் போருக்குப் போக ஆரம்பித்தார்கள். அவரோ ராத்திரி பகல் பார்க்காமல் கணக்கு, கணக்கு, கணக்கு.

1917இல் படுத்தார். அப்புறம் ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்று என்று இரண்டு வருஷம் ஓடியது. 1919இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி, 32 வயதில் இறந்துபோனார்.

நாலு இடம் சுத்தியிருந்தால் ராமானுஜன் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு வந்த நோய் என்ன என்பதிலேயே டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பி.சி. மகலனோபிஸ் சொன்ன ஒரு சம்பவத்தை யோசித்துப் பாருங்கள். பின்னாளில் இந்தியாவின் பெரிய புள்ளியியல் நிபுணரான அவரும் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒருநாள் ராமானுஜன் ரூமுக்குப் போனவர், ராத்திரி குளிருக்கு என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திப் படுப்பதாக ராமானுஜன் சொன்னார். கம்பளி இல்லையா என்று கட்டிலைப் பார்த்தால், கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து மடித்துச் செருகி அப்படியே இருந்தன. அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ்தான் காட்டிக் கொடுத்தார்.

உலகமே வியந்த மூளை. கம்பளி அவர் படுத்திருந்த கட்டிலிலேயே இருந்தது. ஆனாலும் குளிரில் நடுங்கினார், ஏனென்றால் சொல்ல ஆள் இல்லை. ஆள் வேண்டுமென்றால் நாலு பேரோடு பழக வேண்டும். பழக வேண்டுமென்றால் ரூமை விட்டு வெளியே போக வேண்டும்.

இன்றைக்கும் அந்தக் கம்பளி அப்படியேதான் செருகி வைத்திருக்கிறது. பிரிட்டன் போகிற மாணவன் விசாவோடு சேர்த்து, மருத்துவத்துக்கென்று வருஷத்துக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்டிவிடுகிறான். போனதும் பக்கத்து டாக்டரிடம் பெயர் பதிந்தால், அவரைப் போய்ப் பார்க்கத் தனியாகக் காசு கிடையாது. இது தெரியாமல் ஊரிலிருந்து கொண்டுபோன பாரசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடக்கிறவர்கள் உண்டு. சீனியர் ஒருத்தனோடு சனிக்கிழமை நடக்கப் போயிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். வாடகையில் ஏமாறாமல் இருப்பது, எந்தக் கடையில் சாயங்காலம் விலை குறைப்பார்கள் என்பது, எந்த வேலையில் சம்பளம் ஒழுங்காக வரும் என்பது எல்லாம் இப்படித்தான் காதில் விழும். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சுத்திப் பார்க்கக் காசே கிடையாது. ஆந்திராவிலிருந்து போன அமராவதிச் சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஊர் சுத்துகிறான் என்றால் பணத்தை அள்ளி இறைக்கிறான் என்று நினைப்பவர்கள் இதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

பெண்பிள்ளைகள் கதை இன்னும் மோசம். பையனுக்குத் திட்டு மட்டும்தான். பெண்ணுக்குத் திட்டோடு விசாரணைக் கமிஷனும் உண்டு. போட்டோவில் பக்கத்தில் நிற்பது யார், தோளில் துப்பட்டா எங்கே, மணி எத்தனை, இருட்டிவிட்டதே... யாரைக் கட்டுவது என்று தானே முடிவு செய்து, அதில் கடைசிவரை நின்ற ஆண்டாளின் தேரை ஆடிப்பூரத்தன்று வடம் பிடித்து இழுக்கிற ஊர் இது. மறுநாளே பக்கத்து வீட்டுப் பெண்ணின் போட்டோவை பெரிதாக்கிப் பார்க்கிறது.

"அப்போ லோன் காசில் ஊதாரித்தனம் பண்ணுறவனை விட்டுடலாமா?" என்று கேட்கலாம். விட வேண்டாம். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். தவணையில் போனும் ஷூவும் வாங்கிக் குவித்துவிட்டு, வாடகைக்கு அப்பாவிடம் கை நீட்டுகிறவனைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு மருந்து காந்தி கையில் வைத்திருந்த கணக்கு நோட்டு. டீக்கடைத் தீர்ப்பு மருந்தே இல்லை.

தீர்ப்புக்குப் பயந்து பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சில பேர் ரூமுக்குள்ளேயே முடங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் பொய் சொல்லப் பழகிவிடுகிறார்கள். பாலத்தை மட்டும் போட்டோ எடுப்பார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பெட்டி தூக்குகிற வேர்ஹவுஸையும், ஐந்து பேர் படுக்கிற அறையையும் எடுக்க மாட்டார்கள். "கஷ்டமா இருக்கு"ன்னு சொன்னால் "இதுக்கா போனே?" என்று வரும். அதனால் "சூப்பரா இருக்கேன் சித்தப்பா."

அந்த "சூப்பரா இருக்கேன்" இருக்கிறதே, அதுதான் இந்த விஷயத்திலேயே பெரிய ஆபத்து. அதைக் கேட்டுவிட்டு அடுத்த வருஷம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிற இன்னொரு அப்பா, தன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போவார். அவருக்கு 934 பவுண்டு துண்டு விழுகிற கணக்கை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயை ஊர் ஏற்கெனவே அடைத்துவிட்டது.

ஆகவே அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஆடிட் பண்ணுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பெரிய வரியிலிருந்து ஆரம்பியுங்கள். வாடகை எவ்வளவு, அறையில் எத்தனை பேர், வாரம் எத்தனை மணி நேரம் வேலை, சம்பளம் பேங்கில் வருகிறதா கையில் வருகிறதா, டாக்டரிடம் பெயர் பதிந்தாச்சா, லோன் வட்டி இந்த மாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் கசப்பாக இருந்தால் திட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து போகப் போகிற பிள்ளையின் வீட்டிலும் அந்தப் பதிலை அப்படியே சொல்லுங்கள்.

கடைசியாக இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. "போன ஞாயித்துக்கிழமை எங்கேயாச்சும் வெளிய போனியா?" இல்லை என்று பதில் வந்தால், அப்போது வேண்டுமானால் திட்டுங்கள்.